களத்து மேஸ்திரியின் கடைவாய்ப் பல்

மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கிற ரோசலின் எஸ்டேட்டின் காப்பி, தன்னுடைய வலது கடைவாய்ப் பல் சம்மதித்தால்தான் மலையைவிட்டு இறங்கும் என்று சிங்கராயர் நம்பினார். அவருடைய நம்பிக்கைகளில் கொஞ்சமாவது உண்மை கலந்தது இது ஒன்றுதான். தனக்குப் பாட வரும் என்றும், பொறாமைக்காரர்கள்தான் தன்னைக் கோயில் பாடற்குழுவில் சேர்க்கவில்லை என்றும், மனைவி இன்பமேரிக்குத் தன்மேல் பயம் உண்டு என்றும்கூட அவர் நம்பினார்.

அவர் களத்து மேஸ்திரி. பழத்தின் தோல் நீக்கி, கொழகொழப்புப் போக அலசிய காப்பிக் கொட்டை சிமெண்டுக் களத்துக்கு வந்து சேர்ந்தால் அதற்கப்புறம் அது சிங்கராயரின் ராஜ்ஜியம். பெண்கள் பரப்புவார்கள், பலகையால் கிளறுவார்கள், சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். எப்போது சாக்கில் கட்டுவது என்பதை மட்டும் அவர் சொல்வார். ஒரு கொட்டையை எடுத்து, மேல் சருகை நகத்தால் உரித்து, கடைவாயில் வைத்துக் கடிப்பார். பல் பதிந்தால் ஈரம், இன்னும் காய வேண்டும். பதியாவிட்டால் சாக்கு, நன்றாகக் காய்ந்தது டக்கென்று இரண்டாகவும் தெறிக்கும்.

கடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு எந்த அவசியமும் இல்லை. பூசையில் அப்பத்தை உயர்த்துகிற நேரத்து அமைதியை அவர் அப்போது களத்தில் எதிர்பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வேலம்மாளுக்கு இருமல் வரும். களத்தில் வெகுகாலமாகப் பலகை பிடிக்கிறவள் அவள்.

"ஏனுங்க மேஸ்திரி, கண்ண மூடிக் கடிச்சாத்தான் தெரியுமுங்களா? தொறந்துக்கிட்டுக் கடிச்சா காப்பி கோவிச்சுக்குமுங்களா?"

"உனக்கென்ன புள்ள தெரியும். பலகையப் புடி."

எஸ்டேட் மேனேஜர் மேக்ஸ்வெல் ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது ஆபீஸ் பீரோவில், வந்த பெட்டிக்குள்ளேயே, துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. எஸ்டேட் விருந்தினர் பங்களாவுக்கு வருகிறவர்கள் மிஷினைப் படம் பிடிப்பதில்லை, சிங்கராயரைத்தான் பிடிக்கிறார்கள் என்பதை மேக்ஸ்வெல் சீக்கிரமே கண்டுகொண்டார். காலையில் இட்லி, பத்து மணிக்கு மிளகுக்கொடி, பதினொரு மணிக்குக் காப்பி கடிக்கும் பெரியவர் என்று பங்களாக்காரர்கள் சுற்றிக்காட்டுகிற பட்டியலில் சிங்கராயர் இடம்பெற்றார். அவரும் பதினொரு மணிக்குத் தலை வாரிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் பங்களா கூடத்தில் அழகுக்கு வைத்திருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டாள். பங்களா திறந்த வருடத்திலிருந்து அந்த ஜாடியில் கிடக்கிற கொட்டை அது.

"அங்கிள், இது காஞ்சிருச்சான்னு சொல்லுங்க பார்ப்போம்."

பார்த்தாலே தெரிகிற விஷயம்தான். ஆனால் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சிங்கராயர் கண்ணை மூடினார், கடித்தார். ஒரு சத்தம் கேட்டது. அது கொட்டையில் எழுந்த சத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொட்டை முழுசாக நாக்கின்மேல் கிடப்பது அவருக்கு மட்டும் தெரிந்தது.

"நல்லா... காஞ்சிருக்குதுங்க" என்றார். கண்களில் நீர் நிறைந்துவிட்டது. தொழில்மேல் உள்ள பக்தியில் பெரியவர் கலங்கிவிட்டார் என்று அந்தப் பெண்ணும் கலங்கினாள்.

அன்றிலிருந்து ஒரு விசித்திரமான வலி. கடிக்கும்போது அல்ல, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது ஊசி ஏற்றிய மாதிரி ஒரு சுரீர். இடது பக்கத்துக்கு மாறலாமென்றால் அங்கே கடைவாயில் மேலும் கீழும் ஏற்கெனவே காலி. கிராம்பு வைத்தார், உப்புநீரில் கொப்பளித்தார். வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில் பல் செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டார்.

"ஏனுங்க, முறுக்கு வேண்டாங்கறீங்க, கறி வேண்டாங்கறீங்க. தவக்காலம் இன்னும் வரலீங்களே?" என்றாள் இன்பமேரி. விஷயத்தைக் கறந்த பிறகு, "மாதாவுக்கு வெள்ளிப் பல்லு, உங்களுக்கு ஓட்டப் பல்லா? மொதல்ல சேலம் போயி டாக்டரப் பாருங்க. களத்துல எவங்கிட்டயும் சொல்ல மாட்டேன், போதுமா?" என்றாள்.

சேலத்தில் பல் டாக்டர் பானு இளம்பெண். சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்து, கடிங்க, விடுங்க, கடிங்க, விடுங்க என்றார். ஒரு விடுங்கவில் சிங்கராயர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

"இதுதானுங்க ஐயா. பல்லு விரிசல் உட்டிருக்குது. முடி மாதிரி இருக்கறதால எக்ஸ்ரேயில தெரியல. இன்னும் ஈறுக்குக் கீழ எறங்கல, அது உங்க நல்ல காலம்."

"சும்மா உட்டா என்னங்க ஆகும்?"

"நீங்க சும்மா உட்டாலும் அது சும்மா இருக்காதுங்க. ஒருநாள் வேர் வரைக்கும் பொளந்துக்கும். அப்புறம் புடுங்கறதத் தவிர வழியில்ல. இப்பவே மேல தொப்பி மாதிரி கேப் போட்டு இறுக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடும். உள்ள நரம்பு கெட்டிருந்தா ரூட் கேனலும் பண்ணிக்கலாம்."

"இப்பவே புடுங்கிட்டா?"

"காப்பாத்தற நெலமையில இருக்கற சொந்தப் பல்ல எதுக்குங்க புடுங்கணும்?"

சிங்கராயர் நாக்கால் அந்தப் பல்லைத் தடவினார். "அந்தக் கேப்புல ஒணர்ச்சி இருக்குங்களா டாக்டரம்மா?"

"வலியே இருக்காதுங்க."

"வலியக் கேக்கலீங்க. ஒணர்ச்சி."

பெரியவர் பயப்படுகிறார் என்று நினைத்து டாக்டர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அவர் கேட்க விரும்பாததையும் சொன்னார்: கேப் போட்டாலும் போடாவிட்டாலும் எலும்பு, ஐஸ் கட்டி, கொட்டை எதையும் இனி அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது.

ஆக விஷயம் இவ்வளவுதான். பல்லைக் காப்பாற்றினால் கடி போய்விடும். கடியைக் காப்பாற்றப் பார்த்தால் பல்லோடு சேர்ந்து அதுவும் போய்விடும். கேப்புதான் சரி என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். சிங்கராயர் குழந்தை இல்லை, மேஸ்திரி. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று எழுந்து வந்தார். அடிவாரத்தில் பஸ் மலையேறத் தொடங்கியபோது பிடுங்கிவிடுவது என்று தீர்மானித்தார். வளைவுகள் பாதி கழிந்தபோது கேப் என்றார். ஏரி கண்ணில் பட்டபோது, இந்தப் பருவம் முடியட்டும், அதுவரை மெதுவாகக் கடித்துக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார். அதில் அவருக்குப் பெரிய திருப்தி. யோசிக்கத் தெரிந்தவன் எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டான் என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடமும் சொன்னார்.

அப்படியே மெதுவாகக் கடித்தார். அங்கேதான் வினை. மெதுவாகக் கடித்தால் எந்தக் கொட்டையிலும் பல் பதியாது. பல் பதியாத கொட்டை காய்ந்த கொட்டை. இது அவரே வகுத்த சட்டம். அந்த ஜனவரியில் ரோசலின் எஸ்டேட் காப்பி அதற்கு முன் எந்த வருடமும் காயாத வேகத்தில் காய்ந்தது.

"மேஸ்திரி, இது முந்தாநேத்துப் பரப்புனதுங்க" என்றாள் வேலம்மாள், ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு. "கையில இன்னும் சில்லுன்னு இருக்குது."

"வெயிலு எப்படி அடிக்குது பாத்தியா? கட்டச் சொன்னா கட்டு."

"டேப்பு வேகமா ஓடுன பாட்டாட்டம் வெயிலும் இந்த வருசம் வேகமா ஓடுது போல" என்று முனகிக்கொண்டே கட்டினாள்.

காப்பி ஏற்ற லாரி வருவதற்கு முந்தின நாள் குடோனைத் திறந்தார்கள். ஊறவைத்து மறந்துபோன மாவின் வாடை. வேலம்மாள் ஒரு சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டாள். "உள்ள கோழி அடகாக்கற சூடுங்க சார்" என்றாள். மேக்ஸ்வெல் ஆபீசுக்கு ஓடி மிஷினைத் துணி அவிழ்த்துக் கொண்டுவந்தார். ஈரம் நூற்றுக்குப் பதினொன்று காட்ட வேண்டிய இடத்தில் பதினெட்டு காட்டியது.

"மேஸ்திரி பல்லு தப்பாகாது. மிஷின்லதான் பேட்டரி போயிருக்கும்" என்றார் மேக்ஸ்வெல். பி.எஸ்ஸி. படித்தவர். புது பேட்டரி போட்டார்கள். பதினெட்டு. "அப்ப களத்துல சரியாக் கிளறல. வேலம்மா, நீங்க நாளையிலிருந்து மேக்காட்டுக்குக் களை வெட்டப் போங்க. களத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

மேல்காடு என்றால் அட்டைக்கடி, ஒரு மணி நேர ஏற்றம். வேலம்மாளின் முழங்காலுக்கு அது ஆகாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சிங்கராயருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார். செருமியதோடு சரி.

"செரி, போறனுங்க சார்" என்றாள் வேலம்மாள். "அதுக்கு முன்ன மேஸ்திரி எல்லாரு முன்னாலயும் ஒருக்கா கடிச்சுக் காட்டட்டும்."

சூடான சாக்கிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து, உரித்து நீட்டினாள். சிங்கராயர் வாங்கினார், கண்ணை மூடினார், வழக்கம்போல் மெதுவாகக் கடித்தார். எடுத்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

"காஞ்சுதான் இருக்குதுங்க சார்."

வேலம்மாள் அதே கொட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையில் துடைத்து, தன் வாயில் போட்டு ஒரு கடி கடித்தாள். வெந்த கொண்டைக்கடலையில் பதிகிற மாதிரி இரண்டு பல் பதிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து மேக்ஸ்வெல் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ர பல்லுக்கு மேஸ்திரிப் பட்டம் இல்லீங்க. அதான் பதியுதாட்டம் இருக்குது."

பெண்கள் சிரித்தார்கள். சிங்கராயருக்குக் காது சிவந்தது. இன்னொரு கொட்டையை எடுத்து வாயில் போட்டார். இப்போது உள்ளபடியே ஓங்கிக் கடித்தால் பல் பதியும். கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம், பட்டம் தப்பும். பல் தப்பாது. வேர்வரை பிளந்துகொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. கொட்டை நாக்கின்மேல் வலதுக்குப் போனது, இடதுக்கு வந்தது, காலி ஈறில் கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டது. கடைசியில் அவர் அதைக் கையில் துப்பினார்.

"பல்லு விரிசல் உட்டிருச்சுங்க சார். பொங்கலுக்கு முன்னாலயே."

உண்மையின்மேல் வந்த பற்றினாலோ வேலம்மாளின் முழங்காலை எண்ணியோ சொன்னார் என்று எழுத ஆசைதான். அவர் அந்தச் சுரீருக்குப் பயந்து சொன்னார். ஆனால் சொன்னார்.

"என்னங்க மேஸ்திரி, அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்றார் மேக்ஸ்வெல்.

"சொன்னா வேற யாராச்சும் கடிப்பாங்களேன்னுதானுங்க."

சாக்குகளைப் பிரித்து மறுபடி களத்தில் கொட்டினார்கள். பாதி தேறியது. மீதி பூஞ்சை வாடையோடு அடிமாட்டு விலைக்குப் போனது. மேல்காட்டுப் பேச்சை மேக்ஸ்வெல் மறுபடி எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது மேனேஜர்களுக்கு வருகிற பழக்கமில்லை. சிங்கராயர் மறுநாளே முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினார். நரம்பு தப்பித்திருந்தது, கேப் மட்டும் போதும் என்றார் பானு. பல் நிறத்தில் வேண்டுமா, வெள்ளை உலோகத்தில் வேண்டுமா என்று கேட்டதற்கு, எது அதிக நாள் வருமோ அது என்றார்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்து வந்த அன்று இன்பமேரி ஆட்டுக்கறி ஆக்கியிருந்தாள். வலது பக்கம் வைத்து மென்றார். வாயைத் திறந்தார். மூடினார்.

"ஒண்ணுமே தெரியல மேரி" என்றார், ஏதோ தொலைந்துபோன மாதிரி.

"தெரியாம இருக்கறதுக்குத்தானுங்க போட்டுக்கிட்டது. சாப்புடுங்க."

அடுத்த பருவத்தில் மிஷின் களத்துக்கு வந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்துகிற முறை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சிங்கராயர் ஒரே வாரத்தில் நிறுவிவிட்டார். எண் தெரிகிறவரை யாரும் பேசக் கூடாது. வேலம்மாளுக்கு அப்போதும் இருமல் வந்தது.

அவர் வாழ்நாளில் தொலைநோக்கோடு எடுத்த ஒரே முடிவு அந்தக் கேப்புதான். பல்லுக்குப் பதினைந்து வருடம் என்று டாக்டர் சொன்னதை வைத்து, எழுபதைத் தாண்டியும் கறி தின்னலாம் என்று கணக்குப் போட்டு ஊரெல்லாம் சொல்லி வந்தார். இதயத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நாலாவது வருடம் ஐப்பசி மழையில், ஒரு விடியற்காலை, எழுந்திருக்காமல் போய்விட்டார்.

தாடையைக் கட்டத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள் இன்பமேரி. வேலம்மாள் தலைமாட்டில் இருந்து அவர் முகவாயைத் தாங்கிப் பிடித்திருந்தாள். லேசாகத் திறந்த வாய்க்குள் வலது ஓரத்தில் கேப் பளிச்சென்று இருந்தது.

"புதுசாட்டமே இருக்குதுங்க அம்மா" என்றாள் வேலம்மாள்.

"பின்ன? நேத்துக்கூட கொழம்புல இருந்த எலும்பப் பொறுக்கித் தட்டோரமா வெச்சுட்டாரு." இன்பமேரி துணியை உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். "பல்லு நொம்ப நாளைக்கு வரணுமாமா."