நாலு ‘இல்லை’ எழுதிய ஃபாரம் அக்கா

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார் ஃபாரம் அக்கா. “வெளியேருந்து தள்ளுடி!” என்று உள்ளேயிருந்து உத்தரவு வருகிறது. வெளியே நிற்கும் பசைப் பிரிவுப் பெண் தோளால் ஒரு முட்டு முட்டுகிறாள். கதவு அசையவில்லை. ஒன்பதாம் கேள்வி: ‘பெண்களுக்கு உள்ளே தாழிடக்கூடிய தனிக் கழிவறை உண்டா?’ தாளைச் சுவரில் வைத்து ‘ஆமாம்’ என்று எழுதிவிட்டு வெளியே வருகிற அக்காவின் முகத்தில் கோட்டையைப் பிடித்துவிட்ட களை.

அட்டைப்பெட்டி செய்கிற ஷெட் அது. நாற்பத்தொரு பேருக்கு அங்கே பிழைப்பு. பதிவேட்டில் அக்காவின் வேலை ‘அலுவலக உதவி’. வருகைப் பதிவு, லோடு ஏற்றும் சீட்டு, யாருக்குக் காய்ச்சல், யார் பொய்க் காய்ச்சல் என்ற தீர்ப்பு எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். நாற்காலிக்கு வருமுன் பதினெட்டு வருஷம் மெஷினில் நின்றவர் என்பதால் இன்றைக்கும் டீயை உட்கார்ந்து குடிக்கத் தெரியாது. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். “எண்ணிக்கோ, பத்து இருக்கா? சாமர்த்தியத்துல மிஞ்சினது இல்ல, பயத்துல மிஞ்சினது. நீயும் பயந்துக்கோ, ஒண்ணும் கொறைஞ்சு போகமாட்டே.”

ஷெட்டில் செய்கிற பெட்டிகளில் முக்கால்வாசி ஒரு பெரிய சோப்புக் கம்பெனிக்குப் போகின்றன. பெட்டி, லேபிள், மூடி என்று தனக்குப் பொருள் தருகிற எல்லாருக்கும் அந்தக் கம்பெனி வருஷம் ஒருமுறை ஒரு ஃபாரம் அனுப்பும். அறுபத்துநான்கு கேள்விகள். ஆளை வதைத்தோ ஆபத்தில் நிறுத்தியோ செய்த பொருள் எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. இரண்டு தெரு தள்ளி பாட்டில் மூடி செய்கிறவர் முதலில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடுவார். அதன் நகல் தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றிவரும். மற்றவர்கள் வரி பிசகாமல் எழுதிக் கொடுப்பார்கள்.

போன வருஷம் இந்த ஷெட்டிலிருந்து போன ஃபாரத்தில், ‘உருக்கிய பிளாஸ்டிக்கை எங்கள் தொழிலாளர்கள் கையுறை அணிந்தே கையாளுகிறார்கள்’ என்று இருந்தது. அட்டைப்பெட்டி ஷெட்டில் பிளாஸ்டிக்கை உருக்குவானேன்? பழைய கோப்பில் அதைப் பார்த்த அக்கா முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு கோபம் வந்தது. “படிக்காம எழுதினவன் ஒருத்தன், படிக்காம கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர், படிக்காம வாங்கி வெச்சவங்க ஒருத்தங்க. அப்பறம் எதுக்கு இந்தக் காகிதம், பொட்டலம் மடிக்கவா?”

இந்த வருஷம் ஃபாரத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். “நேர்ல பாக்காம ஒரு எழுத்து எழுதமாட்டேன்” என்று பதினோரு நாள் ஷெட்டை அளந்தார். ‘மின்சாரம் நின்றால் அவசர வழியைத் தடையின்றி அடைய முடியுமா?’ என்ற கேள்விக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்து, நடுவழியில் அடுக்கியிருந்த அட்டைக் கட்டுகளில் ‘ணங்’ என்று இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடியே எழுதினார்: ‘இல்லை.’ முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டார். மூன்று பேர் மூன்று பேரைக் கைகாட்டினார்கள். அதற்கும் ‘இல்லை.’ பசைப் பிரிவுக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அது மூன்றாவது.

நாலாவது ‘இல்லை’தான் வீட்டுக்குள் புகுந்தது. அட்டையை வெட்டுகிற மெஷினுக்குக் கம்பி வலை போட்ட ஒரு மூடி உண்டு. மூடியிருந்தால்தான் கத்தி இறங்கும்போது கை உள்ளே போகாது. அது ஆறு மாதமாகச் சுவரோரம் சாய்ந்திருக்கிறது, யாரோ துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். கழற்றி வைத்தவர் அந்த மெஷினை ஓட்டுகிறவர். அவர் அக்காவின் ஒரே மகளைக் கட்டியவர்.

“அத்தை, மூடியை மாட்டினா ஒவ்வொரு அட்டைக்கும் தெறந்து மூடணும். முதலாளி சொல்ற கணக்கு எட்டாது. எழுதித் தொலைச்சுடாதீங்க” என்றார் மாப்பிள்ளை. வீட்டில் அவருக்கு முதல் தட்டு வைத்துவிட்டுத்தான் அக்கா அடுப்படிக்குத் திரும்புவார். ஷெட்டில் மரியாதையில் ஒரு எழுத்தும் குறைக்காமல், “நீங்க சொல்றது சரிதான் மாப்ள. மூடி இல்லைங்கறதும் சரிதான்” என்று அவர் கண்ணெதிரிலேயே எழுதினார். மகள் வந்து குதித்தாள். “கட்டின புருஷனையே மாட்டிவிட்டா நான் எங்கம்மா போவேன்?” “ரெண்டு கையோட வீட்டுக்கு வரட்டும்னுதான்டி எழுதறேன்” என்றார் அக்கா. சொல்லிவிட்டாரே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. சோப்புக் கம்பெனி கைவிட்டால் நாற்பத்தொரு பேரும் தெருவில், அதில் தன் மகள் குடும்பமும் ஒன்று என்பது அவருக்குத் தெரியாததல்ல. பயமாகத்தான் இருந்தது. எழுதியதை அடிக்க மட்டும் தோன்றவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ரத்தக் கொதிப்புக்காரர். ஃபாரத்தைப் பார்த்ததும் அது உச்சிக்கு ஏறியது. “அக்கா, பேட்டையே ஆமா போடுது. நமக்கு மட்டும் எதுக்கு அரிச்சந்திரன் வேஷம்? கடையை மூடிட்டுப் போயிடலாமா?”

“அவங்க போட்டது அவங்க பாடு முதலாளி. நாளைக்கு அந்தக் கத்தி ஒரு விரலைக் கேட்டா, தாள்ல ஆமான்னு இருக்குன்னு காட்டுவீங்களா? ஒரு நடை போய் மெஷின்கிட்ட நின்னுட்டு வாங்க. அப்பறம் அடிக்கச் சொல்லுங்க, அடிக்கறேன்.”

போனார். கத்தி இறங்குவதற்கும் கை வெளியே வருவதற்கும் நடுவே கண்ணிமைக்கிற நேரந்தான் என்பதைப் பத்து நிமிஷம் பார்த்தார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். “மூடியை மாட்டச் சொல்லுங்க. கணக்கு கொறைஞ்சா கொறையட்டும்.” அன்று சாயங்காலமே மூடி ஏறியது. இனி ‘ஆமாம்’ என்று மாற்றலாமே என்று முதலாளி கேட்டதற்கு அக்கா ஒப்பவில்லை. “பாத்த அன்னிக்கு இல்ல. மாட்டின தேதியைக் கீழ எழுதறேன்.”

ஃபாரம் போன ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து இறங்கினார். அலட்டிக்கொள்ளாத இளம்பெண். “நாப்பத்தெட்டு பேர் ஃபாரம் அனுப்பினாங்க. ‘இல்லை’ன்னு எழுதினது நீங்க மட்டும்தான்” என்றார். முதலாளிக்கு வியர்த்தது. “பயப்படாதீங்க சார். கொறையிருந்தா சரிபண்ண நேரம் தருவோம். எழுத்து ஒண்ணு, நடப்பு ஒண்ணுன்னா மட்டும் ஆர்டர் அன்னிக்கே கட். பாட்டில் மூடி செய்யறவருக்கு அப்படித்தான் நேத்தோட முடிஞ்சுது.”

பிறகு கேள்வி கேள்வியாக நடந்து பார்த்தார். அறுபத்துமூன்றும் தாளில் இருந்தபடியே தரையிலும் இருந்தது. கடைசிக் கேள்விக்கு எதிரே வெற்றிடம். ‘ஆபத்து என்று தோன்றினால், தொழிலாளி யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாமா?’

“இது ஏன் காலியா இருக்கு?”

“நேர்ல பாக்கலைங்க” என்றார் அக்கா.

“ஆமான்னு எழுதுங்கக்கா!” முதலாளி கண்ணால் கெஞ்சினார். அக்காவுக்குத்தான் தெரியும்: மெஷின் நின்றால் முதலாளி அறையிலிருந்து வெளியே வருமுன் அவர் குரல் வந்துவிடும். “எவன்டா அது?” அந்தக் குரலுக்குப் பயந்து, ஓடுகிற மெஷினுக்குள்ளேயே அட்டையைத் தட்டிச் சரிசெய்கிறவர்களைப் பதினெட்டு வருஷம் பார்த்தவர் அவர். ‘ஆமாம்’ எழுதி அது பொய்யானால் ஆர்டர் போய்விடும். ‘இல்லை’ எழுதினால் ஆர்டர் தங்கும், அந்தக் குரலும் தங்கிவிடும். இரண்டுக்கும் அவருக்குக் கை வரவில்லை.

வாசலில் லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூவரும் நின்றுகொண்டிருக்கையிலேயே, வெட்டு மெஷினில் ஓர் அட்டை கோணிக்கொண்டு உள்ளே மாட்டியது. மாப்பிள்ளையின் கை பழக்கத்தில் மூடியின் கொக்கிக்குப் போனது. பாதியில் நின்றது. லாரியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கடைசியாக மாமியாரைப் பார்த்தார். அக்கா தலையைக்கூட அசைக்கவில்லை. இது தன் பதில் இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

மாப்பிள்ளை சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ஷெட் ஓய்ந்தது. பசைப் பிரிவில் கைகள் நின்றன. நாற்பது பேரும் முதலாளியின் வாயைப் பார்த்தார்கள். அது திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. “சரிபண்ணிட்டே ஓட்டுங்கப்பா. லாரி நிக்கட்டும்” என்றார், தண்ணீர் கேட்கிற குரலில்.

ஆய்வாளர் ஃபாரத்தை அக்காவிடம் நீட்டினார். அந்தப் பதினோரு நாளும் வேறு யாரையும் எழுதவிடாத தாளை வாங்கிக்கொண்டு அக்கா மெஷினருகே போனார். ஓர் அட்டையை எடுத்துத் தன் முன்கையில் பலகையாக வைத்து, அதன்மேல் தாளை விரித்து, பேனாவை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

“நீங்க எழுதுங்க மாப்ள.”