அல்லேலூயா வேன்

பிள்ளைகளே, போன வருஷம் ஜூன் மாசம் சபையில எல்லார் முன்னாடியும் நின்னு, ஆண்டவர் செஞ்ச அற்புதம்னு நான் ஒரு சாட்சி சொன்னேன். நீங்க கை தட்டினீங்க. அந்தச் சாட்சி தப்பு. அது தப்புன்னு எனக்குப் புரியறதுக்குள்ள என் மனைவி எஸ்தர் போயிட்டா.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுறேன். எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க பழைய பெட்ரோல் வேன் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆவடியில ஒவ்வொரு வீடா நிறுத்தி, பன்னிரண்டு பிள்ளைகளை ஏத்திக்கிட்டு குமணன்சாவடிப் பக்கம் இருக்கிற நம்ம சபைக்கு வருவோம். ஏப்ரல் வெயில்ல அது நடுரோட்டுல நிக்க ஆரம்பிச்சது. ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு இழு இழுக்கும், அப்புறம் சத்தமே இருக்காது. சாவியைத் திருப்பினா இன்ஜின் சுத்தும், பிடிக்காது.

முதல் தடவை எனக்கு வேற வழி தெரியல. "பிள்ளைகளா, கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணலாம்"னு சொன்னேன். ஐந்து நிமிஷம் பண்ணினோம். சாவியைத் திருப்பினேன். ஓடிச்சு! நீங்க போட்ட அல்லேலூயா சத்தத்துல ரோட்டுல போறவங்க திரும்பிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அல்லேலூயா வேன்னு பேரும் வெச்சீங்க. அதைத்தான் சாட்சியா சொன்னேன்.

அண்ணனூர்ல என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் சேகர் அப்பவே சொன்னார். "இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் பம்ப் பூடுச்சுன்னு நான் கூவிக்கினே கீறேன், நீ ஸ்தோத்திரம்ன்ற. மாத்திடு. ஒரு நாள் நட்டாத்துல வுட்டுடும்."

"ஜெபத்துல ஓடுற வண்டி சேகர் இது"ன்னேன்.

"அப்ப பெட்ரோல் இன்னாத்துக்கு ஊத்துற?"ன்னு கேட்டுட்டு சிரிச்சார். நானும் சிரிச்சேன். என் கம்பெனியில மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே நான் சுவிட்சை அணைச்சிடுவேன். உங்களை ஏத்துற வண்டிக்கு அதைச் செய்யல.

ஜூலை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வெயில். பருத்திப்பட்டு தாண்டி ஒரு வளைவுல வேன் நின்னுடுச்சு. ரோட்டுக்கு நடுவுல. எஸ்தர் இறங்கினா.

"என்னங்க, பின்னாடி வர்றவனுக்கு வளைவுல தெரியாது. பிள்ளைகளை இறக்கிட்டு ஓரமா தள்ளிடலாம்."

"வேணாம் எஸ்தர், ரெண்டு நிமிஷம். ஜெபம் முடியட்டும்."

"அப்ப நான் பின்னாடி நின்னு கை காட்டுறேன்"னு போனா.

நீங்க ஜெபம் பண்ணினீங்க. என் மகள் ஷெரின் மட்டும் சிரிச்சா. பின் சீட்டுல இருந்த யாரோ அவ ரிப்பனை இழுத்திருக்காங்க. எனக்குக் கோபம் வந்தது. திரும்பி, "ஷெரின், நீ இப்படிச் சிரிச்சா வண்டி எப்படி ஓடும்?"னு கத்தினேன். சாவியைத் திருப்பினேன். ஓடல. மறுபடியும் திருப்பினேன். அப்பதான் பின்னாடி அந்தச் சத்தம்.

தண்ணி லாரி. பிரேக் போட்டும் எஸ்தர் மேல மோதி, வேனுக்கு ஒரு முழம் முன்னாடிதான் நின்னுச்சு. வேன்ல இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. எஸ்தர் மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் எங்க வீடு வீடா இல்லை. ஷெரினுக்கு ஒன்பது வயசு. அழவே இல்லை. கேட்டதுக்கு உம், இல்லைன்னு பதில் சொல்லுவா. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தா எழுந்து பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. நான் முடிச்சு ஆமென் சொன்ன பிறகுதான் வெளியே வருவா. அம்மாவை எடுத்துக்கிட்டார்னு ஆண்டவர் மேல கோபம்னு நினைச்சேன். எனக்கும் கோபம் இருந்தது. ஆனாலும் தினமும் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். "ஆண்டவரே, என் பிள்ளை வாயைத் திறந்து மனசுல இருக்கிறதைச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஆகஸ்ட் போச்சு, செப்டம்பர் போச்சு. எந்த மாற்றமும் இல்லை. பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில உட்கார்ந்து நான் அழுதிருக்கேன்.

அக்டோபர்ல வேனை போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து விட்டாங்க. வித்துடலாம்னு சேகர் கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனோம். வீட்டில தனியா விட முடியாம ஷெரினையும் கூட்டிப் போனேன். சேகர் டேங்கைத் திறந்து பம்பை வெளியே எடுத்தார். ஒரு டப்பா பெட்ரோல்ல முக்கி, பேட்டரி ஒயரைக் கொடுத்தார். ஙொய்ங்குனு ஓடிச்சு. கொஞ்ச நேரத்துல சத்தம் இழுத்தது, நின்னுபோச்சு.

ஷெரின் கிட்ட வந்து நின்னா.

"சூடாச்சுன்னா நின்னுக்கும் பாப்பா. வயசான பம்ப். சும்மா வுட்டா ஆறிக்கும், தானா ஓடும். பாக்கிறியா?"

தலையை ஆட்டினா. சேகர் கையைத் துடைச்சுக்கிட்டு டீ குடிச்சார். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒயரை வெச்சார். ஓடிச்சு.

"யாரும் ஒண்ணும் பண்ணலியே?"ன்னு ஷெரின் கேட்டா. மூணு மாசத்துல அவளா கேட்ட முதல் கேள்வி.

"யாரு இன்னா பண்ணணும்? சூடு எறங்குச்சு, ஓடுது. அவ்ளோதான்."

"அப்ப... யாராவது ஜெபத்துல சிரிச்சா நிக்குமா அங்கிள்?"

"சிரிச்சா பம்ப் நிக்குமா? எவன் சொன்னான் உன்னாண்ட அப்டி?"

அவ சொல்லல, பிள்ளைகளே. என் பக்கம்கூட திரும்பல. என்னைக் காட்டிக் கொடுக்காம தரையையே பார்த்துக்கிட்டு நின்னா.

நான் அந்தக் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்துட்டேன். நான் மறந்துபோன ஒரு வார்த்தையை என் பிள்ளை மூணு மாசமா தனியா சுமந்திருக்கா. அம்மாவைத் தானே கொன்னுட்டதா நினைச்சிருக்கா.

"நான்தான் சொன்னேன் சேகர்"னேன். அப்புறம் அவ கையைப் பிடிச்சேன். "உன்னால இல்லம்மா. பம்பை மாத்தச் சொன்னாங்க, நான் மாத்தல. ஓரமா தள்ளலாம்னு அம்மா சொன்னா, நான் வேணாம்னேன். உன் சிரிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அப்பதான் அழுதா. வாய்விட்டு அழுதா. ரெண்டு கையாலயும் என் மார்புல அடிச்சா. "ஏன்பா தள்ளல? ஏன்பா தள்ளல?"

அடிக்கட்டும்னு விட்டேன். என் பிள்ளை வாயைத் திறந்தா. நான் கேட்டது அதுதான். ஆண்டவர் கொடுத்தார். என் தலை குனியற மாதிரிதான் கொடுத்தார், இருந்தாலும் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். பாத்ரூம் கதவை இப்ப அவ சாத்துறதில்லை. ஜெபம் பண்ணும்போது என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. கண்ணை மூட மாட்டேங்கிறா. நான் மூடச் சொல்றதில்லை.

அடுத்த வாரமே உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்தேன், ஞாபகம் இருக்கும். மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். அங்கே உங்கள்ல ஒரு பிள்ளை என்னைத் தனியா கூப்பிட்டு, "அங்கிள், ரிப்பனை இழுத்தது நான்தான்"னு சொல்லி அழுதது. இன்னொரு பிள்ளை, "நான் அன்னிக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன் அங்கிள்"னுச்சு. அன்னிக்கு நான் கத்தினது ஷெரின் காதுல மட்டுமில்லை, உங்க எல்லார் காதுலயும் விழுந்திருக்குன்னு அப்பதான் தெரிஞ்சது. அதனாலதான் இதைப் பேசாம எழுதிக் கொடுக்கிறேன். எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துப் படிங்க.

எனக்கு இப்ப வேன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் ஷெரினும் பஸ்ல வர்றோம். யாராவது என்கிட்ட, அண்ணே இது சரியில்லை, நிறுத்துங்கன்னு சொன்னா, அந்த நிமிஷமே நிறுத்திடறேன். அதுவும் ஆண்டவர் அனுப்பின குரலா இருக்கும்னு இப்ப நம்பறேன்.

நீங்களும் அவரை நம்புங்க. நம்ம ஜெபத்துல தப்பு எங்கேன்னு தேடிப் பார்த்துக்கிட்டு நிக்கிறவர் இல்லை அவர். கண்ணைத் திறந்துக்கிட்டுப் பேசினாலும் கேப்பார், ஆமென் சொல்ல மறந்தாலும் கேப்பார். "என்னாலதானே"ன்னு உங்க மனசுல ஏதாவது கிடந்தா இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க. அப்படியே உங்க அம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க. உங்களுக்கு அம்மா இருக்காங்க.