ஆடிப் பதினெட்டும் பாக்கியநாதன் ஐயாவும்

பாக்கியநாதன் ஐயாவின் மகள் சேலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது நான் பள்ளி அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாங்க அங்கிள். காலையில எந்திரிக்கவே இல்ல," என்றாள். சான்றிதழுக்காகக் காத்திருந்தவரை அனுப்பிவிட்டுப் பின்பக்கம் போனேன். எங்கள் பள்ளியின் ஆயா ராஜம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூடினார். "சேலத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்பங்க?" என்று மட்டும் கேட்டார்.

மேட்டூரில் நம் சபைக்கு ஐயா பதினோரு ஆண்டுகள் போதகராக இருந்தார். அதில் ஒன்பது ஆண்டுகள் நான் சபைச் செயலாளர். இதைப் படிக்கப்போகும் உங்களில் பலர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர் முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஆனாலும் கடைசி இரண்டு ஆண்டுகளில் நடந்ததுதான் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர் தெற்கத்திக்காரர். வந்த புதிதில் ஒரு பாட்டியம்மா வாசலில் நின்று "ஏனுங்க" என்று கூப்பிட, "எதுக்கு ஏன்னு கேக்கிறீங்க, நான் ஒண்ணும் செய்யலையே" என்று பதறிக்கொண்டு வெளியே வந்தார். கூப்பிடுவதற்கே இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விளக்கியதும் வெகுநேரம் சிரித்தார். ஓர் ஆண்டுக்குள் அவர் பேச்சிலும் அந்த 'ங்க' ஏறிவிட்டது. பிரசங்கத்தில் மட்டும் அது வராது. பிரசங்கத்தில் அவர் வேறு மனிதர், கண்டிப்பானவர். அறுவடைக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு யாரோ ஆலய வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்ததை ஆராதனை தொடங்கும் முன் தானே ஏணி வைத்து ஏறி அவிழ்த்தார். "தழை தப்பு இல்லை. அதை எதுக்காகக் கட்ட ஆரம்பிச்சாங்களோ, அது நம்முடையது இல்லை," என்றார். கட்டியவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார். அன்று மதியம் கட்டியவர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ராஜம்மாவின் கணவர் நோயில் கிடந்தபோது ஐயாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவன் நான். ராஜம்மா எடப்பாடிப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் செய்யும் இந்துக் குடும்பத்துப் பெண். ஐயா அந்தக் கட்டிலருகே நாற்பது நாளாவது உட்கார்ந்திருப்பார். மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. நோயாளிக்கு முகம் மழிப்பார், கஞ்சி ஊட்டுவார். கணவர் இறந்த மூன்றாம் மாதம் ராஜம்மா தானாகவே சபைக்கு வந்தார். ஞானஸ்நானம் எடுத்த அன்று ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார். இனி அவர் பிறந்த வீட்டுக்கு வரக்கூடாது, அம்மாவும் அவர் வீட்டுப் படி ஏறமாட்டார் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் காவிரி ஆறு மட்டும் மிச்சமிருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் அந்தக் குடும்பம் வேன் வைத்துக்கொண்டு மேட்டூருக்கு வரும். காவிரியில் குளித்து, தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டு, கொண்டுவந்த புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் கரையில் உட்கார்ந்து உண்டுவிட்டுப் போவார்கள். ஆற்றங்கரை யாருடைய வீடும் இல்லை. அங்கே அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்ள அண்ணன் தடை சொல்லவில்லை. இதை ராஜம்மா என்னிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்த முதல் ஆடியில், ஆராதனை முடிந்ததும் அவர் ஐயாவிடம் வந்து நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துக்குப் போலாமுங்களா?"

"அங்க என்னம்மா செய்வாங்க?"

"தேங்கா பழம் வெச்சு ஆத்தைக் கும்புடுவாங்க. நான் கும்புட மாட்டனுங்க. சோறு உண்டுட்டு வந்துருவேன்."

ஐயா கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சோறும் கும்பிட்ட சோறுதானம்மா. அந்த நாளோட வேர் அந்தக் கும்பிடுதல்ல இருக்கு. வேரை விட்டுட்டுச் சோத்தை மட்டும் தனியா எடுக்க முடியாது," என்றார்.

"சேரீங்க," என்றார் ராஜம்மா.

அம்மாவைப் பார்க்க அவருக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் ராஜம்மா போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. மூன்றாம் வருஷம் ஆடி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவருடைய அம்மா இறந்துபோனார். எரியூட்டி முடித்த மறுநாள்தான் ஒரு பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூலம் அவருக்குச் செய்தி வந்தது.

நானும் ஐயாவும் அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனோம். ஐயா ஒரு சங்கீதம் வாசித்தார். பிறகு, கடைசியாக அம்மாவை எப்போது பார்த்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மூணு வருசமாச்சுங்க. ஆத்துல வெச்சுத்தான் பாக்க முடியும். அங்கயும் போகலீங்களே."

"வீட்டுக்கு வரமாட்டாங்களா?"

"அண்ணன் உடமாட்டாருங்க."

ஐயா அப்போதுதான் புரிந்துகொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். ராஜம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க நல்லதுக்குத்தானுங்க சாமி சொன்னீங்க. டீ வெக்கட்டுங்களா?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வைத்துக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

தெருவில் நடக்கும்போது, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "சொல்லியிருந்தா வேற பதில் சொல்லியிருப்பீங்களா ஐயா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். என் தப்பை மறைக்கக் கேட்ட கேள்வி அது. அவர் தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வந்தார். "தெரியலீங்க," என்றார்.

அதன் பிறகு அவர் நிறையப் படிக்க ஆரம்பித்தார். நாம் கொண்டாடுகிற பண்டிகைகள் எங்கிருந்து வந்தன என்று தேடினார். டிசம்பர் முதல் ஞாயிறு அவர் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "இயேசு பிறந்த தேதி வேதத்துல எங்கயும் இல்லை. இந்தத் தேதியை ஏன் வெச்சாங்கன்னு படிச்சவங்களே ரெண்டு விதமாச் சொல்றாங்க. குளிர்காலத்துல பச்சை மரத்தைக் கொண்டாடினவங்கள்ல வேற தெய்வங்களைக் கும்பிட்ட ஜனங்களும் உண்டு. அதையெல்லாம் நாம நம்முடையதா ஆக்கிக்கிட்டோம். அதுல தப்பு இருக்குன்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒரு பொண்ணு தன் தாயோட ஆத்தங்கரையில சோறு திங்கக் கேட்டப்போ, வேரைப் பாருன்னு சொன்னேன். என் வீட்டு மரத்தோட வேரை நான் பாக்கலை." இவ்வளவுதான் சொன்னார். பாட்டு எண்ணை அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் மன்னிப்புக் கேட்கத்தான் பேசினார். சபை அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. அனல்மின் நிலையத்தில் பொறியாளராக இருந்த சாமுவேல் அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தார். "வேர் தப்புன்னா ரெண்டுமே தப்புங்க ஐயா. ஆத்துக்கும் போகக்கூடாது, கிறிஸ்மஸும் வேண்டாம். அதுதான நேர்மை?" இன்னொரு பக்கத்தில் இருந்தவர்கள், "அப்ப இனிமே பொங்கல் வெக்கலாமா, தீபாவளிக்கு வெடி வெடிக்கலாமா, அதைச் சொல்லுங்க," என்றார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், எங்களுக்குப் பதில் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க," என்றார் ஐயா. "முன்னாடி தெரிஞ்சுது. தெரிஞ்சதை வெச்சுப் பேசினேன். இப்ப ஒவ்வொருத்தர் வந்து கேக்கறப்பவும் அவங்க யாரு, எதுக்குக் கேக்கறாங்கன்னுதான் பாக்கத் தோணுது. எல்லாருக்கும் சேத்து ஒரு பதில் என்கிட்ட இல்லை."

குறிப்பேட்டில் நான் 'போதகர் தெளிவான பதில் தரவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் பொய் எழுதவில்லை. ஆனாலும் வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

சாமுவேலும் ஒன்பது குடும்பங்களும் அந்த மாதமே விலகினார்கள். போகும்போது சாமுவேல் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கெட்டவர் இல்லை. மனதில் பட்டதைச் செய்யாமல் இருக்க முடியாதவர், அவ்வளவுதான். அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நட்சத்திரம் தொங்கியது, பாதி வீடுகளில் வாசல் விளக்குகூட எரியவில்லை. ஐயா இரண்டு வகை வீடுகளுக்கும் போனார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள்.

அடுத்த ஆடிப் பதினெட்டன்று காலை ஐயா என் வீட்டுக்கு வந்தார். கூடவே ராஜம்மா, கையில் சோறு நிறைத்த ஒரு தூக்குப்போசி. "ஆத்துக்குப் போறோம், வாரீங்களா?" என்றார் ஐயா. கரையில் நல்ல கூட்டம். ராஜம்மாவின் குடும்பத்தாரைத் தேடித்தான் கண்டுபிடித்தோம். அண்ணன் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஐயாவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், அவ்வளவு மரியாதை தெரிந்தவர்.

"நான்தான் இவங்களை வரவேண்டாம்னு சொன்னது. இவங்க மேல தப்பு இல்லீங்க. என்னை மன்னிச்சுக்கணும்," என்றார் ஐயா.

அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பெரியவங்க. உங்ககிட்ட நான் என்னங்க சொல்றது. ரண்டு வருசம் எங்கம்மா இந்த எடத்துல குந்திக்கிட்டு, வெயில் எறங்கற மட்டும் இவளுக்குன்னு சோத்தை மூடி வெச்சிருந்தா. நாங்க கெளம்பலாம்னா கேக்கலே. இப்ப அம்மா இல்லே. இனி இவ வந்தென்ன, வராட்டியென்ன?"

"அண்ணா, ஒரு வாய் உண்ணுங்க," என்று ராஜம்மா தூக்குப்போசியை நீட்டினார்.

"நாங்க உண்டாச்சு," என்றார் அவர். வேன் கிளம்பியது. அண்ணன் மனைவி மட்டும் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஐயா அங்கேயே நின்றார். ராஜம்மாதான் எங்களை நிழலுக்குக் கூட்டிப்போனார்.

போதகர் பெருக்கன்று ஆற்றங்கரையில் நின்றதைப் பார்த்தவர்கள் பலர். மேலிடத்துக்குப் புகார்க் கடிதம் போனது. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே விடுப்பில் போகச் சொன்னார்கள். மகள் வீட்டுக்கு, சேலம் அஸ்தம்பட்டிக்குப் போனார். சாமான் ஏற்றிய வண்டியருகே வழியனுப்ப நின்றவர்கள் நாங்கள் ஐந்து பேர்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது, புரிந்தது. கிளம்பும்போது ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். "எனக்காக வேண்டாங்க. ராஜம்மாவோட அம்மாவுக்காக ஜெபிங்க," என்றார்.

நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். "ஐயா, நம்ம வழக்கத்துல..." என்று இழுத்தேன்.

"தெரியும்," என்றார். "அந்தம்மா பேரென்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ராஜம்மாவோடு பதினைந்து ஆண்டுகளாக ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. ஐயாவும் கேட்டதில்லை. பிறகு நான் எல்லோருக்கும் தெரிந்த கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். 'ஆமென்' என்று அவரும் சொன்னார். அவர் கேட்டது அது இல்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்று விடைபெற்றேன். பள்ளியில் சேர்க்கை வேலை. ஒரு மாதம் ஓடிவிட்டது.

அடக்கத்துக்குச் சாமுவேலின் ஆட்களும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராஜம்மா மண் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உங்கம்மா பேரென்னங்க?" என்று கேட்டேன்.

இந்த நேரத்தில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நல்லாயிங்க," என்றார்.

ஐயாவின் புத்தகங்களில் ஏதாவது வேண்டுமா என்று அவர் மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் கேட்டு, நான் கொண்டுபோய்ச் சேர்க்காத அந்தப் பெயர் என்னிடம் இருக்கிறது. தினமும் காலை ஜெபத்தில் அதுவரை வந்து நிற்கிறேன். நல்லாயி என்று சொல்கிறேன். அதற்கு அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.