வலப்பக்கம் மட்டும் திரும்பிய சைக்கிள்

நெதர்லாந்தில் உத்ரெக்ட் என்றொரு நகரம். வேலை விஷயமாகப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கால்வாய் ஓரமாகச் சைக்கிளுக்கென்றே செம்மண் நிறத்தில் தனிப்பாதை. எண்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கூடையில் பூங்கொத்தோடு என்னை முந்திப் போனாள். இன்னொருத்தி முன்பக்க மரப்பெட்டியில் மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து மிதித்தாள். கார்கள் நின்று வழிவிட்டன. நகரமே சைக்கிளில் போகிறவளுக்கு மரியாதை செய்வதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டே ஓட்டியதில், ஒரு ரவுண்டானாவை வலமாகச் சுற்றிவிட்டேன். அங்கே எல்லோரும் இடமாகச் சுற்றுகிறார்கள். எதிரே ஏழெட்டு மணிகள் ஒன்றாக அடித்தன.

தப்பு என்னுடையதல்ல. நான் சைக்கிள் பழகியது சங்கரன்கோவில் ரத வீதியில்.

அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த சங்கரன்கோவில் பள்ளிக்கு அப்பாதான் கொண்டுபோய் விடுவார். ஆடித்தவசுத் திருவிழா முடிந்ததும் அவர் கேரளாவுக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. பிறகு யார் கொண்டுபோய் விடுவது?

“தானா சைக்கிள் மிதிச்சுப் போவத் தெரிஞ்சா போவட்டும். அதுக்குன்னு தெருவுல விழுந்து எந்திரிச்சு என் மானத்த வாங்கப்பிடாது. இல்லன்னா ஒங்கூட இருந்து பீடி சுத்தட்டும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வழக்கு முடிந்ததாக அப்பா நினைத்துக்கொண்டார்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. கோயிலில் கொடியேறிய அன்று, அம்மனுக்கு நூற்றியொரு ஆடிச்சுற்று நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நாலு ரத வீதி வழியாகக் கோயிலை வலமாகச் சுற்றி வருவதுதான் ஆடிச்சுற்று. துணைக்கு நான். தண்ணீர்க் கேனைச் சுமக்க, பக்கத்து வீட்டு அக்காவின் சைக்கிள். சாமி காரியத்தில் அப்பா குறுக்கே பேசமாட்டார்.

தினமும் பள்ளி விட்டதும் சுற்றினோம். அம்மா வெறுங்காலோடு கேரியரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் மிதிப்பேன், விழுவேன். வளையல் கடைக்காரி ஒருத்தி கேட்டாள்: “ஏ மதினி, நேர்ச்ச ஒனக்கா, சைக்கிளுக்கா?”

“ரெண்டுக்குந்தான்.”

ஒருமுறை ஆட்டோவுக்கு ஒதுங்க இடப்பக்கம் ஒடித்தேன். அம்மா பதறிப்போய்க் கேரியரை இழுத்தாள். “இடமாத் திரும்பாதட்டி, சுத்துனதெல்லாம் அவுந்துரும்.” ஆகவே நான் வலப்பக்கம் திரும்ப மட்டுமே பழகினேன்.

ஏழாம் நாள் நூற்றியொன்று முடிந்தது. அம்மா கையை எடுத்தால் எனக்கு இன்னமும் சைக்கிள் ஆடியது. அவள் நின்று யோசித்தாள். “ஏட்டி, கணக்கு விட்டுப்போச்சே. எம்பதா தொண்ணூறான்னு தெரியல. எதுக்கும் நாளைக்கு முதல்ல இருந்து சுத்துவோம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டில் கோடுபோட்டு வைத்திருந்ததைக் காட்டினேன். “ஒண்ணாங்கிளாஸ் பிள்ளகூட எண்ணிரும். பள்ளிக்கூடம் போயிருந்தாத்தான ஒனக்குத் தெரியும்!”

“நான் என்னத்தக் கண்டேன் மக்கா. நீ மிதி.”

அடுத்த மூன்று நாளும் பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தபோது வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்தாள்; கேரியரில் கையில்லை.

தவசுக்கு முந்தின நாள் அப்பா வந்து பார்த்தார். நாலு வீதியையும் சுற்றிக் காட்டினேன். “வீட்டுக்கு விடு பாப்போம்” என்றார். எங்கள் ஊருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். இறங்கினேன், சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்தேன், மறுபடி ஏறினேன்.

“இது என்ன கூத்துட்டி?” அப்பா சிரித்துவிட்டார். “சரி, எறங்கி ஏறியாவது பள்ளிக்கூடம் போ.”

உத்ரெக்ட் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டு ரவுண்டானா கதையைச் சொன்னேன்.

“இடமாவா சுத்துதாவ? அவுகளுக்கு ஒண்ணும் ஆவலியா?” என்று கவலைப்பட்டாள். பிறகு, “ஊரு நல்லாருக்கா?” என்றாள்.

“ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா சைக்கிளத் திருப்பிக் குடுக்க நேரமாச்சு.”

“கணக்கு விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு சுத்து சுத்தேன்” என்று சிரித்தாள்.

அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள். வாய் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும், கண் டிவியில் இருக்கும், கை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிப் போட்டுக்கொண்டே போகும். எந்தக் கட்டிலும் ஒன்று குறைந்ததில்லை, கூடியதுமில்லை. அந்தக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் தினமும் கணக்கு வீட்டுப்பாடம் எழுதினேன்.