அவள் சிரித்துக்கொண்டிருந்த மாதம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை "மடிப்பக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்த சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்று மேற்பார்வையாளர் கேலி செய்வார். வயது முப்பத்தொன்று. கணவன் பேருந்து ஓட்டுநர். அப்பா, அம்மா போனபின் தம்பியை ஆளாக்கியவள் அவள்தான். அவன் கட்டட வேலைக்காகத் தூரத்து நகரம் ஒன்றுக்குப் போயிருந்தான்.

முதல் கரு கலைந்து இரண்டு வருடம் கழித்து மறுபடி நாள் தள்ளிப்போனது. தம்பிக்குத்தான் முதலில் போன் போட்டுச் சொன்னாள்.

"மாமா ஆகப்போறேன்ல? இனிமே வாடா போடான்னு கூப்பிடாதே, மரியாதை குடு," என்றான்.

அடுத்த வாரம் சாரம் சரிந்து எட்டாவது மாடியிலிருந்து விழுந்தான். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

தகவல் கணவனுக்கு வந்தது. அவனும் அவன் அம்மாவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "இப்ப சொன்னா இதுவும் தங்காதுடா. பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள் அம்மா. வெளியூர் டூட்டி என்று சொல்லிவிட்டுப் போனவன், மைத்துனனை அடக்கம் செய்துவிட்டு, அவனுடைய செல்போனுடன் திரும்பி வந்தான்.

அதன்பின் தம்பியிடமிருந்து குறுஞ்செய்திகள் மட்டுமே வந்தன. 'சிக்னல் இல்லாத இடம்க்கா. நேரத்துக்குச் சாப்பிடு.' கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற பத்து நிமிடத்தில் கணவன் தட்டி அனுப்பியவை அவை. குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவள் கேட்டாள். அவன் வாய்க்கு வந்த கோமாளிப் பெயர்களையெல்லாம் அனுப்பினான். அவற்றைக் கூட வேலை செய்பவர்களிடம் படித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாலாம் மாதம், ஒருநாள் மதியம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையைப் பிடித்திருந்தவள் விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவளுடைய அண்ணனும் தம்பி விழுந்த அதே கட்டடத்தில் வேலை பார்த்தவன். முனையோடு முனை சேர்க்க நெருங்கி வந்தபோது, "உன் தம்பிக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம்க்கா. எப்படித்தான் தாங்கிக்கிட்டு வேலைக்கு வர்றியோ," என்றாள்.

சீருடையைக்கூட மாற்றாமல் வீட்டுக்கு வந்தாள்.

"அவன் போன் எங்க?"

கணவன் எடுத்து நீட்டினான்.

அன்று தொடங்கிய அழுகை வாரக்கணக்கில் ஓயவில்லை. சோறு இறங்கவில்லை. "வயித்துல இருக்கிறதை நினைச்சுப் பாரும்மா," என்று மாமியார் கெஞ்சினாள், பிறகு அதட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது, உள்ளே அண்ணத்திலும் பிளவு. கொடுத்த பால் மூக்கு வழியாக வந்தது.

"அழாதே அழாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டாளா?" என்றாள் மாமியார். அவளும் அதைத்தான் நம்பினாள். தன் அழுகைதான் பிள்ளையின் முகத்தில் இறங்கிவிட்டது என்று.

குழந்தையைப் பரிசோதித்த பெண் மருத்துவரிடம் அதைச் சொல்லியும்விட்டாள்.

"எத்தனாவது மாசம் அழுதீங்க?"

"நாலு."

"உதடும் அண்ணமும் மூணு மாசத்துக்குள்ளயே சேர்ந்து முடிஞ்சிடும்மா. நாலாம் மாச அழுகை திரும்பிப்போய் அதைப் பிளக்காது."

"அப்ப எதனால?" என்று கேட்டது மாமியார்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. பரம்பரையா இருக்கலாம், சத்துக் குறைவு, சில மருந்துகள். ஆரம்ப மாசங்கள்ல பெரிய மன அழுத்தம் இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா இந்தக் குழந்தைக்கு இதனாலதான்னு யாரும் யாரையும் கைகாட்ட முடியாது."

அவள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். பிள்ளையின் உதடு சேராமல் போன அந்த மாதம் அவள் அழவில்லை. தம்பி மண்ணுக்குள் போயிருந்தான், அவள் கோமாளிப் பெயர்களைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழி நீங்கிவிட்டது. நெஞ்சு லேசாகவில்லை.

ஐந்தாம் மாதம் உதட்டுக்கும், ஒரு வயதில் அண்ணத்துக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டியது மாமியார்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் யாராவது குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தால், "யார் மேலயும் தப்பு இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க," என்று முந்திக்கொள்வாள்.

தையல் ஆறியதும் அவள் கணவனிடம், "அவனை வச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

இடுகாட்டில் எண் பொறித்த சிறு பலகை ஒன்று மட்டும் இருந்தது. கணவன் பத்தடி தள்ளி நின்றான்.

"கிட்ட வாங்க. கடைசியா அவனைப் பார்த்தது நீங்கதான். எல்லாத்தையும் சொல்லுங்க. இனிமே எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்."

அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளருகே தரையில் உட்கார்ந்தான்.

"முகம் அடையாளம் தெரியலை," என்று ஆரம்பித்தான். "கையைப் பார்த்துத்தான் அவன்னு சொன்னேன்."