அன்னைக்கு ராவு எங்க படுத்தாங்க?

எங்க அம்மாவுக்கு நான் காட்டுன படம் ஒண்ணுகூட முடிஞ்ச படம் இல்ல. எல்லாத்துக்கும் கடைசியில ஒரே கேள்விதான்: "அப்புறம்?"

நான் பார்க்கிற படங்க அப்படி. எல்லாம் இனிமே வரப்போற காலத்துல நடக்கிற கதைங்க. பணக்காரங்க மேல கண்ணாடி வீட்டுல இருப்பாங்க, ஏழைங்க கீழ புகைக்குள்ள கெடப்பாங்க. கையில நம்பர் குத்தியிருக்கும். ஒருத்தி எதுத்து நிப்பா. கடைசியில ஒரு பெரிய கேட்டு தொறக்கும், சனம் முழுக்க வெளிய வரும், வெளிச்சம் கண்ணக் கூசும், திரையில பேர் ஓடும். எனக்கு அந்த எடத்துல புல்லரிக்கும். அம்மா காலை நீட்டி ஒக்காந்துக்கிட்டு, அட்டை கடிச்ச எடத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டே, "அப்புறம்?"பாங்க.

"அப்புறம் என்னம்மா? விடுதலை. முடிஞ்சிச்சு."

"அது சரி புள்ள. அன்னைக்கு ராவு எங்க படுத்தாங்க? புள்ளகுட்டி எல்லாம் இருக்கே, யாரு ஒல வச்சது?"

நான் பொறந்து வளந்தது பொகவந்தலாவையில ஒரு தேயிலைத் தோட்டம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன பன்னெண்டு காம்பரா வீடு சேந்த லயம், அதுல நாலாவது எங்களோடது. ஒத்தை அறை, முன்னால இஸ்தோப்புன்னு ஒரு சின்னத் திண்ணை, பின்னால அடுப்படி. அப்பா எனக்கு ஆறு வயசிலேயே போயிட்டாரு. அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னை வளத்தாங்க. நான் கொஞ்சம் இங்கிலீசு படிச்சதும் இந்தப் படப் பைத்தியம் பிடிச்சிச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அம்மாவுக்கு வேலை இல்லாத நாள்ல, பக்கத்துக் காம்பரா சித்தி வீட்டு டிவியில படத்தைப் போட்டு, நிப்பாட்டி நிப்பாட்டித் தமிழ்ல கதை சொல்லுவேன். சித்தி எங்களுக்குச் சொந்தம் இல்ல. ஆனா நடுச்சுவர் ஒண்ணு, சண்டை ஒண்ணு, கொழம்பு ஒண்ணு. சொந்தத்தைவிட மேல.

ஒரு தடவை நடந்ததை இப்ப நெனச்சாலும் எனக்குச் சிரிப்பு வரும். படத்துல ஏழைங்களை ஒரு பெரிய கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு பைப்பு. பணக்காரங்க வெள்ளை வெளேர்னு ஒரு எடத்துல, வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு, ஒருத்தரோட ஒருத்தர் பேசாம ஒக்காந்திருக்காங்க. நான் தொண்டை கிழியக் கதை சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் சித்தி பெருமூச்சு விட்டு, "பாவம், அந்த வெள்ளைத்துணி ஆளுங்க"ன்னாங்க.

"ஏன் சித்தி பாவம்?"

"ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களே. பாக்க ஒரு ஆளும் வரல."

அம்மாவும் தலையாட்டுறாங்க! "ஆமா. மத்த ஆளுங்களுக்கு ஆளுக்கொரு கட்டில். பைப்பு உள்ளுக்கே இருக்கு. அப்படியும் போயி இவங்களோட சண்டை போடுறானுங்களே, மனுசனுங்களா?"

ரெண்டு மணி நேரம் அவங்க ரெண்டு பேரும் படத்தைத் தலைகீழாப் பார்த்திருக்காங்க. எனக்குக் கோவம் வந்து டிவியவே அணைச்சிட்டேன். அஞ்சு நிமிசம் கழிச்சு அடுப்படியில போயித் தனியாச் சிரிச்சேன். அதுக்கு அப்புறம் அழுகையும் வந்துச்சு, அதையும் சொல்லத்தான் வேணும். உள்ளுக்கு ஒரு பைப்பு இருந்தாலே பணக்காரன்னு நெனைக்கிற எடத்துல நாங்க இருந்தோம்.

இந்த "அப்புறம்?" தொல்லை தாங்காமத்தான் நான் இட்டுக்கட்ட ஆரம்பிச்சேன். திரையில பேர் ஓட ஆரம்பிச்சதும் படத்துல இல்லாததை எல்லாம் சொல்லுவேன். "கேட்டைத் தாண்டி வந்தாங்களா, அங்க ஒரு ஸ்கூல் இருந்துச்சு. அந்த ஊரு ஆளுங்க பாய் கொண்டாந்து குடுத்தாங்க. ஒரு பொம்பள பெரிய சட்டியில பருப்பும் சோறும் ஆக்குனா. எல்லாரும் வயிறாரத் தின்னுட்டுப் படுத்தாங்க." அம்மா மொகம் அப்பத்தான் தெளியும். "அதான பார்த்தேன்"னு சொல்லிட்டு எழும்புவாங்க.

அது அதோட நிக்காது. திங்கக்கிழமை கொழுந்து மலையில, தேயிலைச் செடி நிரையில நின்னு கொழுந்து எடுத்துக்கிட்டே அம்மா அந்தக் கதையைச் சொல்லுவாங்க. பக்கத்து நிரைக்காரி அதுக்கு அடுத்த நிரைக்குச் சொல்லுவா. நிரை நிரையாத் தாண்டி மலை உச்சிக்குப் போறப்ப கதையில கல்யாணம் நடந்திருக்கும், ரெண்டு புள்ள பொறந்திருக்கும். நான் ஸ்கூல் விட்டு வர்ற வழியில யாராவது கூடையோட நின்னு, "ஏய் புள்ள, அந்த நம்பர் குத்துன பொண்ணுக்கு வீடு கெடச்சிச்சா?"ன்னு கேப்பாங்க. நானும் கூசாம, "கெடச்சிச்சு அக்கா"ம்பேன்.

இப்ப நான் டிக்கோயாவுல இருக்கேன். பார்மசி ஒண்ணுல வேலை. எங்க வீட்டுக்காரரு ஹட்டன்ல ஒரு பேக்கரியில மாவு பெசையிறாரு. ஒரு சிங்கள அம்மா வீட்டுக்குப் பின்னால ரெண்டு அறை வாடகைக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அம்மாகிட்ட போயிருவேன். கல்யாணம் கட்டியும் அந்தப் பழக்கம் விடல.

போன மழைக்கு எங்க லயத்துக்குப் பின்னால மண்மேடு எறங்குச்சு. அடுப்படிச் சுவருல வெடிப்பு விழுந்துச்சு. ஆபீசருங்க வந்து பார்த்து, சுவருல செவப்புப் பெயிண்ட்ல நம்பர் போட்டு, மழை நேரம் இங்க இருக்கக் கூடாதுன்னு சிங்களத்துல ஒரு தாளும் குடுத்துட்டுப் போனாங்க. வேற எடத்துல வீடு கட்டிக் குடுப்பாங்கன்னு லிஸ்ட் எடுத்தாங்க. லிஸ்ட்டு இருக்கு, வீடு இல்ல. அம்மா அந்த வெடிப்பு மேல சாமிபடம் போட்ட கலண்டர் ஒண்ணை மாட்டி வச்சாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் போயிப் பார்ப்பேன். ஒரு நாள் கலண்டருக்குக் கீழ வெடிப்போட வால் தெரிஞ்சிச்சு.

"எங்க வீட்டுக்கு வந்துருங்கம்மா."

"காம்பராவைப் பூட்டிட்டுப் போனா லிஸ்ட்டுல பேரை வெட்டிருவானுங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுறாங்க."

உண்மையில அப்படி யாரும் சொன்னதா எனக்குத் தெரியல. ஆனா லயம் முழுக்க அதைத்தான் நம்புச்சு. அதுக்கு மேல அம்மாவுக்கு இன்னொரு வீம்பு, மருமகன் வீட்டுல போயி ஒக்காந்து திங்க மாட்டாங்களாம். நான் கெஞ்சுனேன், கத்துனேன், ஒரு வாரம் பேசாமக்கூட இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவம் அதைவிட நீளம். அம்மா அசையல. அடுத்த மழைக்கு முன்னால அவங்களை அந்தச் சுவருகிட்ட இருந்து கெளப்பணும். எனக்கு வேற நெனப்பே இல்ல.

அதுக்காக வேணும்னே தேடி ஒரு படம் எடுத்தேன். பிரமாண்டமான ஒரு அணை. கொத்மலை அணையெல்லாம் அதுக்கிட்ட வாய்க்கால். பணக்காரங்க அணைக்கு மேல தோட்டம் போட்டு வாழுறாங்க. ஏழைங்க அந்தச் சுவருக்குள்ளேயே வரிசையா அறை அறையா இருந்து, கசியிற எடத்தை அடைச்சுக்கிட்டே காலத்தை ஓட்டுறாங்க. சுவரு வெடிக்குது. ஸ்பீக்கர்ல ஒரு குரல் சொல்லுது: "வெடிப்பு சாதாரணம். அறையை விட்டுப் போறவங்க பேர் வெட்டப்படும்." ஒருத்தரும் நகரல. நான் படத்தை நிப்பாட்டி, அம்மா மொகத்தைப் பார்த்தேன். இப்ப பயந்துருவாங்க, இப்ப வழிக்கு வந்துருவாங்கன்னு நெனப்பு.

அம்மா சித்தியைப் பார்த்து, "அதான் போக மாட்டேங்கிறாங்க. பேரை வெட்டிட்டா?"ன்னாங்க.

"பின்ன? அப்புறம் யாருகிட்ட போயிக் கேக்கிறது?"ன்னாங்க சித்தி.

தலையில அடிச்சுக்கிட்டேன். படம் முடிஞ்சிச்சு. சுவரு ஒடையிறதுக்கு முன்னால ஒருத்தி எல்லாரையும் வெளிய கொண்டு வந்துட்டா. வெளிச்சம். பேர் ஓடுது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"அன்னைக்கு ராவு எங்க படுத்தாங்க?"

"அது படத்துல இல்லம்மா! நான் பார்த்த எந்தப் படத்துலயும் இல்ல. இத்தனை வருசமா நான் சொன்ன ஸ்கூலு, பாயி, பருப்பு, சோறு எல்லாம் என் பொய்யி. போதுமா?"

கத்திட்டேன். கத்துன ஒடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அம்மா சுண்ணாம்பு டப்பாவை மூடி வச்சாங்க.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"படத்துல இருக்கிறதைச் சொல்லுறப்ப டிவியப் பார்த்துச் சொல்லுவ. இந்தச் சோறு ஆக்குற கதையை மட்டும் என் மூஞ்சியப் பார்த்துல்ல சொல்லுவ. எனக்குப் படத்தைவிட அதுதான் பிடிக்கும்." என் பக்கம் திரும்பி ஒக்காந்தாங்க. "சரி, இப்பவும் சொல்லு. எங்க படுத்தாங்க?"

கலண்டரைப் பார்த்தேன். அம்மா மூஞ்சியப் பார்த்தேன்.

"அந்தக் கூட்டத்துல ஒரு பொம்பள. அம்பத்தேழு வயசு. பிடிவாதக்காரி."

"ம்."

"அவளுக்கு டவுன்ல ஒரு மக. ரெண்டு அறை வீடு. அம்மாவுக்குன்னு ஜன்னலோரமா ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா."

"மருமகன் என்ன சொன்னான்?"

"அவருதான் ஆட்டோ பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட வந்தாரு."

"அவனா வந்தானா, இவ தள்ளிவிட்டு வந்தானா?"

"அவராத்தான் வந்தாரு."

"அந்தப் பொம்பள வேலையை விட மாட்டா."

"விட வேணாம். மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்து காலையில பெரட்டுக் களத்துல நிப்பா. பேரு கொடுப்பா, மலைக்குப் போவா."

"காம்பரா?"

"பூட்ட மாட்டா. பகல்ல சோறு தின்ன அங்கதான் வருவா. மழை இருட்டுனா மட்டும் மக வீட்டுக்குப் போயிருவா."

அம்மா சுண்ணாம்பு டப்பாவை மறுபடியும் தொறந்தாங்க. "கதை பரவாயில்ல"ன்னாங்க. சித்தி அந்தக் கலண்டரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதை நான் அப்ப பெருசா எடுத்துக்கல.

இதுல ஒரு சங்கதி, கட்டிலும் இல்ல, எங்க வீட்டுக்காரருகிட்ட நான் கேக்கவும் இல்ல. வீட்டுக்கு வந்து பயந்து பயந்து சொன்னேன். கையில மாவு காஞ்சு போயி ஒக்காந்திருந்தவரு முழுக்கக் கேட்டுட்டு, "ஆட்டோவுல நான் போயிட்டேனா, இனிமேத்தான் போகப் போறேனா?"ன்னாரு.

"இனிமேத்தான்."

"நானாத்தானே போறேன்?"

"ஆமா."

"அப்ப சரி."

அந்த மனுசனைக் கட்டிக்கிட்டு அழுதேன். பேக்கரியில கழிச்சுப் போட்ட பலகையக் கொண்டாந்து அவரே கட்டில் அடிச்சாரு. ஒரு பக்கம் ஆடும். அம்மா மழைக்கு மழை வந்து அந்த ஆடுற கட்டில்ல படுத்து, "என்னடி கட்டில் இது, கொத்மலை ரோட்டுல பஸ் போற மாதிரி"ன்னு திட்டிக்கிட்டே தூங்குவாங்க.

அப்புறம் அந்த மூணு நாள் மழை வந்துச்சு. மூணாவது நாள் சாயங்காலம் நான் பார்மசி விட்டு வர்றேன், வாசல்ல ஒரே செருப்பு. எண்ணிப் பார்த்தேன், எங்க வீட்டுக்காரரோடது போக எட்டு ஜோடி. உள்ள சித்தி, சித்தி மகன், மருமக, ரெண்டு சின்னதுங்க. கடைசிக் காம்பரா புருசன் பொண்டாட்டி வேற. எல்லாருக்கும் நடுவுல எங்க அம்மா, தலை ஈரத்தைத் தொவட்டிக்கிட்டு. எங்க வீட்டுக்காரரு அடுப்படியில கண்ணு கலங்க வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருக்காரு.

"என்னம்மா இது?"

"திங்கக்கிழமை நிரையில கதை சொன்னேன்டி. அந்தப் பொம்பள மக வீட்டுக்குப் போயிட்டான்னு. உன் சித்தி கேட்டா, 'அப்ப பக்கத்துக் காம்பரா ஆளுங்க எங்க படுத்தாங்க?'ன்னு. நான் என்னத்தச் சொல்லுறது? மக வீட்டுல எடம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. ரெண்டு அறை, ஒரு கக்கூஸ், பத்துப் பேரு. வாடகைக்கு விட்ட சிங்கள அம்மா என்ன சொல்லுவாங்களோ? அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "நீதானே ஆரம்பிச்ச?" அந்த நேரம் யாரோ கதவைத் தட்டுனாங்க. வீட்டுக்கார அம்மா. ஒரு கையில ரெண்டு பாய், இன்னொரு கையில ஒரு சட்டி பருப்பு. என்னை அறியாம நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மொகத்துல, "அதான பார்த்தேன்."

மறுநாள் காலையில தோட்டத்துல இருந்து போன் வந்துச்சு. மண்மேடு எறங்கி, எங்க பின்சுவரும் சித்தி வீட்டுப் பின்சுவரும் உள்ளுக்கு விழுந்துருச்சாம். சித்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைக்காமலேயே அழுதாங்க. அம்மா அழல. சின்னதுங்க தலையைத் தொட்டுத் தொட்டு, எல்லாரையும் ஒரு தடவை எண்ணுனாங்க. எண்ணி முடிச்சிட்டு மறுபடியும் எண்ணுனாங்க.

மழை விட்டதும் லயத்து சனம் எல்லாரையும் தோட்டத்து ஸ்கூல்ல ஒக்கார வச்சு, ஒரு ஆபீசர் பதிய வந்தாரு. நானும் அம்மாவோட போனேன். அவரு கெட்டவரு இல்ல, முழங்கால் வரைக்கும் சேறோட வந்த மனுசன். சாவு உண்டா? இல்ல. காயம் உண்டா? இல்ல. லிஸ்ட்டுல பேரு? எல்லாம் இருக்கு. "ஹொந்தாய், நல்லது"னு சொல்லிட்டுத் தாளை மடிச்சுப் பைக்குள்ள வச்சாரு.

அம்மா பெஞ்சை விட்டு எழும்பல. கடையிலயும் பஸ்ஸுலயும் பேசிப் பழகுன அரைகுறைச் சிங்களத்துல, "ஈட்ட பஸ்ஸே, மாத்தயா?"ன்னு கேட்டாங்க.

அப்புறம், ஐயா?

அவரு புரியாம நின்னாரு. அம்மா விடல. இன்னைக்கு ராவு நாங்க எங்க படுக்கிறது, நாளைக்கு எங்க, அடுத்த மாசம் எங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. சித்தி எழும்பி அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. அதுக்கு அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க. எல்லாரும் அந்த மனுசன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அவரு நாற்காலியை இழுத்துத் திரும்ப ஒக்காந்து, மடிச்ச தாளை விரிச்சாரு. எனக்குப் பழக்க தோசம், எல்லாருக்கும் ஆறுதலா ஏதாவது சொல்லிருவோமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பொத்திக்கிட்டேன். இந்தத் தடவை அவரு சொல்லட்டும்.