மாமனாருக்கு மண்டியிட்ட வண்டி

மெத்தை வாங்க வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்கிறவர்கள், உட்கார்ந்து குதித்துப் பார்க்கிறவர்கள், படுத்துப் பார்த்து அப்படியே குறட்டை விடுகிறவர்கள். மூன்றாவது ரகம் ஒருநாளும் வாங்கியதில்லை. இப்படிப்பட்ட மகாஜனங்களை ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழுத்த மெத்தைக்கடைக்காரர், தன் முதல் பெரிய காரை வாங்கப் போனபோது அனுபவசாலியாகவே நடந்துகொண்டார். முன் இருக்கையை உள்ளங்கையால் அமுக்கினார். பின் இருக்கையில் ஏறிக் குதித்தார். இறங்கி வந்து, "குழி விழல" என்று தீர்ப்புச் சொன்னார்.

வண்டி பழையது. ஆனால் நல்ல உயரம், நல்ல கறுப்பு, முகத்தில் ஒரு பணக்காரக் களை.

"டாக்டர் ஓட்டின வண்டி சார். பூ மாதிரி வச்சிருந்தாரு," என்றார் தரகர். உலகத்தில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாவற்றையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது என்பதுதான் தெரியவில்லை.

"ஸ்பிரிங் எல்லாம் எப்படி?"

"ஸ்பிரிங்கே கிடையாது சார். நாலு சக்கரத்துக்கும் நாலு காத்துப் பை. மேகத்துல போற மாதிரி இருக்கும்."

மெத்தைக்கடைக்காரருக்கு மெய் சிலிர்த்தது. ஸ்பிரிங் மெத்தை விற்று, அது முதுகில் குத்துகிறது என்று வந்து சண்டை போட்டவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போனவர் அவர். காற்று குத்தாது. காற்றைப் பற்றி யாரும் வந்து சண்டை போடமாட்டார்கள். அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் ரப்பருக்கு என்ன வயது என்று அவர் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. மெத்தை வாங்குகிறவன் எவன் கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறான்?

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகக் கடையின் வட்டமான ஸ்டிக்கரை எடுத்தார். 'அமுங்காது! குழி விழாது!' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். ஒன்றைப் பின்கண்ணாடியில் ஒட்டினார். இன்னொன்றை உள்ளே, கியருக்குப் பக்கத்தில், படம் மட்டும் போட்டு அர்த்தம் புரியாமல் கிடந்த இரண்டு மூன்று பொத்தான்களின் மேல் ஒட்டினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது.

இதையெல்லாம் அவர் சொகுசுக்காகச் செய்தார் என்று யாரும் அவதூறு பேசிவிடக் கூடாது. மூத்த சகலைக்காகச் செய்தார்.

மூத்த சகலை என்பவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வங்கி மேலாளர். மாமனார் வீட்டில் அவர் இருமினால் வெந்நீர் வரும். நம்மவர் இருமினால், "அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க" என்று வரும். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்ற மாமனார், பெரியவரை 'மாப்பிள்ளை' என்பார். இவரை 'மெத்தை' என்பார். "மெத்தை வந்துட்டானா?" "மெத்தைகிட்ட கேளு." அன்பு முற்றினால் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். மெத்தைக்கடைக்காரரின் வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. அந்த ஒற்றை வார்த்தை, மாப்பிள்ளை, ஒரு தடவை தன்னைப் பார்த்துச் சொல்லப்பட்டால் போதும். கட்டை நிம்மதியாக வேகும்.

வண்டி வந்த மறுநாளே வாய்ப்பும் வந்தது. சகலை வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டதால், மாமனாரை முட்டி டாக்டரிடம் அழைத்துப்போகும் பாக்கியம் இவருக்கு விழுந்தது. மாமனார் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, வண்டி உட்கார்ந்துடுச்சு."

"வண்டி எப்படிடி உட்காரும்?"

"வந்து பாருங்க. எங்கப்பாவும் பார்த்துக்கிட்டுதான் இருக்காரு."

உட்கார்ந்துதான் இருந்தது. முந்தின நாள் மார்பு நிமிர்த்தி நின்ற வண்டி, இரவோடு இரவாகத் தரையோடு அமர்ந்து, ஏறுகிற பக்கமாக லேசாகச் சாய்ந்தும் இருந்தது. மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"என்ன மெத்தை, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"

பொய்களில் யோசித்துச் சொல்கிற பொய் உண்டு. அது எப்படியும் சொதப்பும். தானாக நாக்கில் வந்து உட்காரும் பொய்யும் உண்டு. அதற்குத்தான் ஆயுள் கெட்டி.

"அது மரியாதை மாமா. உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாங்கல்ல? பெரியவங்க ஏறணும்னா அதுவே குனிஞ்சு உட்கார்ந்துக்கும். ஏறினதும் எழுந்திருக்கும்."

மாமனார் ஏறினார். உயரமான வண்டிகளில் ஏறுவதற்கு அவரை இருவர் தூக்க, ஒருவர் தள்ள வேண்டும். இன்று நாற்காலியில் அமர்வது போல் அமர்ந்தார். மெத்தைக்கடைக்காரர் தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். பின்பக்கம் எங்கோ 'கொர்ர்ர்' என்றது. கம்ப்ரசர் காற்றை அடிக்க, வண்டி மெல்ல மெல்ல எழுந்தது. மதில் சுவருக்கு மேலே மாமனாரின் தலை உதயமாயிற்று. எதிர்வீட்டுக்காரர் வாய் பிளந்து பார்த்தார். மாமனார் அவருக்குக் கை அசைத்தார்.

டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மேடு வந்தது. "பார்த்து, மெதுவா போங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

மேடு போனதோ பள்ளம் வந்ததோ, அதற்கப்புறம் மெத்தைக்கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரமே மாமனார் பெட்டி, தலையணை, ரேடியோ சகிதம் இவர் வீட்டுக்குக் குடி வந்துவிட்டார். "அங்க நல்லாக் காத்து வருது," என்று பெரிய மகளிடம் காரணம் சொன்னாராம். கார் நிற்கிற இடத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள முன்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் வண்டி உட்கார்ந்திருக்கும், அவர் ஏறுவார், அது எழும். நூலகம், முடிதிருத்தகம், பழைய சிநேகிதர் வீடு, அங்கே விட்டுவந்த கண்ணாடியை எடுக்க மறுபடி சிநேகிதர் வீடு. கடையைத் திறக்க நேரமாகிறது என்று ஒரு மாப்பிள்ளை சொல்லலாமா?

மெத்தைக்கடைக்காரர் முட்டாள் இல்லை. ரகசியமாக மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் கனத்த ஆள். வண்டியைப் பற்றிப் பேசும்போது உறவுக்காரர்களை ஓரமாக அழைத்துப் பேசும் அறுவைச் சிகிச்சை நிபுணரின் முகபாவம் வந்துவிடும். காற்றுப் பையின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். நுரை குப்புக் குப்பென்று பூத்தது.

"ரப்பர் வெடிச்சிருக்கு சார். நிக்க வச்சதிலேர்ந்து காத்து போய்க்கிட்டே இருக்கும். காலையில கம்ப்ரசர் மூச்சைப் பிடிச்சு ஏத்துது. இப்பவே பையை மாத்துங்க. இல்லேன்னா கம்ப்ரசரும் கருகிடும்."

"மாத்தினா?"

"நிக்கும்."

"நின்னுக்கிட்டேயா இருக்கும்?"

"வண்டின்னா நிக்கத்தானே சார் வேணும்?"

மெத்தைக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "காலையில மட்டும் கொஞ்சம் உட்கார்ற மாதிரி ஏதாவது..."

மெக்கானிக் சோப்பு டப்பாவைக் கீழே வைத்தார். "வண்டிய நிக்க வைங்கன்னு அழுதவங்க நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். உட்கார வைங்கன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான். வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?"

"பிரச்சினை இல்ல. மாமனார்."

"அதைத்தான் கேட்டேன்."

பை மாற்றப்படவில்லை. வண்டியில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. "அது என்ன விளக்கு மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டதற்கு, "வண்டி ரெடின்னு அர்த்தம் மாமா," என்று பதில் சொல்லப்பட்டது. ஒரு முழுப் பூசணிக்காயை மறைக்கப் புறப்பட்டவனுக்கு இன்னும் இரண்டு பூசணிக்காய் பெரிய சுமையா?

இதற்கிடையில் வங்கி மேலாளருக்குத் தூக்கம் போயிற்று. மாமனாரைப் பறிகொடுத்தவர் சும்மா இருப்பாரா? அதே கம்பெனி, அதே மாடல், ஆனால் வயதில் இளைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். அது காலையிலும் நின்றது, மாலையிலும் நின்றது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, தன் தகுதிக்குச் சற்றும் பொருந்தாத ஒரு காரியமாக, மெத்தைக் கடைக்கே வந்து ஒரு தலையணை மேல் உட்கார்ந்தார்.

"சகலை, உங்க வண்டி குனியுதே, அது எந்தப் பட்டன்?"

"பட்டன் எல்லாம் இல்லண்ணே. அது சுபாவம்."

"சுபாவமா?"

"பணிவு வயசுலதான் வரும். உங்களுது இளசு பாருங்க, நிமிர்ந்துதான் நிக்கும். போகப் போகப் பழகிடும்."

சகலை நம்பவில்லை. கையெழுத்துப் போடுமுன் கடைசி வரி வரை படிக்கிற ஜாதி. வண்டியோடு வந்த தடித்த புத்தகம் யாருக்கும் தெரியாத பாஷையில் இருந்தது. அந்தப் பாஷை தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்களின் கூட்டம் நடக்கும் நாள் வந்தது. மாமனார் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லியிருந்தார். "என் சின்ன மாப்பிள்ளை வண்டிய வந்து பாருங்கடா. கும்பிடு போடும்." அன்று காலை கஞ்சி போட்ட சட்டையோடு வந்து ஏறினார். மெத்தைக்கடைக்காரர் சாவியைத் திருப்பினார்.

'கொர்ர்' என்றது. 'க்ர்' என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கருகிய வாடை வந்தது. வண்டி எழவில்லை. சக்கரத்தின் தலையில் வண்டியின் உடம்பே உட்கார்ந்திருந்தது. நகர்த்தினால் டயர் கிழியும். இது போதாதென்று தெருமுனையில் சகலையின் வண்டி நெட்டையாகத் தெரிந்து, வாசலில் வந்து நின்றது.

மெத்தைக்கடைக்காரரின் கண் முன்னால் 'மெத்தை' என்ற அந்தப் பழைய பெயர் மறுபடியும் விரிந்தது. கடைசி மூச்சாக ஒரு பொய்யை இழுத்தார். "மாமா, இன்னிக்கு வண்டிக்கு மரியாதை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல..."

"போதும் மாப்பிள்ளை," என்றார் மாமனார், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே. "நான் ஜன்னலோரமா படுக்கிறவன். வந்த நாளிலேர்ந்து அது புஸ்ஸுனு மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டுதான் தூங்கறேன். முட்டிதான் போயிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு."

"தெரியுமா? அப்ப ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா ரிப்பேர் பண்ணிடுவீங்க. அப்புறம் நான் எப்படி ஏர்றது? அதுவும் போக, பொய் சொன்ன மனுஷன் எங்க கூப்பிட்டாலும் மறுக்காம வர்றாரு. உண்மை பேசற பெரியவன் மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போறான்."

'மாப்பிள்ளை' என்ற வார்த்தை அந்தப் பேச்சில் இருந்ததை மட்டும் மெத்தைக்கடைக்காரரின் காது குறித்துக்கொண்டது.

சகலை இறங்கி வந்து, குனிந்து கிடந்த வண்டியைப் பார்த்துப் புன்னகைத்தார். "என்ன சகலை, பணிவு முத்திடுச்சா? வாங்க மாமா, நம்ம வண்டியில போலாம். நேத்து ராத்திரிதான் புத்தகத்துல அந்தப் பக்கத்துக்கு வந்தோம்."

அவர் உள்ளே கை நீட்டிக் கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினார். புஸ்ஸென்று நெட்டை வண்டி, படித்த பிள்ளை மாதிரி, நேராகத் தாழ்ந்து நின்றது. அந்தப் பொத்தானில் ஒரு காரின் படமும் கீழ்நோக்கி ஓர் அம்பும் இருந்தன. தன் வண்டியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று மெத்தைக்கடைக்காரர் நினைத்துப் பார்த்தார். அமுங்காது, குழி விழாது.

ஆக, அவர் சொன்ன பொய் முழுக்க முழுக்க உண்மை. அவருக்குத்தான் தெரியவில்லை.

மாமனார் சகலையின் வண்டியில் முன்னால் ஏற, மெத்தைக்கடைக்காரர் பின் இருக்கையில், சகலை வாங்கியிருந்த பழக்கூடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் போனார். கூட்டம் நடக்கும் மண்டபத்தின் வாசலில் கைத்தடிகள் ஒரு காடாகக் காத்திருந்தன. சகலை பொத்தானை அமுக்கினார். வண்டி குனிந்தது. கிழவர்கள் கை தட்டினார்கள்.

"இதானாடா நீ சொன்ன வண்டி?" என்றார் ஒருவர்.

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு மார்பை நிமிர்த்தினார். மெத்தைக்கடைக்காரர் பழக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றார் மாமனார், காலை ஊன்றி எழுந்தபடி. "இது பெரிய மாப்பிள்ளை வண்டி. அமுக்கினாத்தான் குனியும். சின்ன மாப்பிள்ளை வண்டி யாரும் அமுக்காமலே குனியும்."

சகலையின் மார்பிலிருந்து காற்று போன வேகத்தைப் பார்த்தால், அங்கும் ஒரு ரப்பர் வெடித்திருக்க வேண்டும்.

வண்டி ஒரு மாதம் மெக்கானிக்கிடம் கிடந்தது. நான்கு பை, ஒரு கம்ப்ரசர். "சோப்புத் தண்ணி தடவின அன்னிக்கே செஞ்சிருந்தா ஒரு பையோட போயிருக்கும்," என்று சொல்லிச் சொல்லி மெக்கானிக் இன்பம் அடைந்தார். மெத்தைக்கடைக்காரர் நகத்தாலேயே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். பசை நல்ல உயர்ரகப் பசை.

இப்போது வண்டி இரவெல்லாம் கம்பீரமாக நிற்கிறது. காலையில் மாமனார் சட்டை மாட்டுகிற நேரம் பார்த்து மெத்தைக்கடைக்காரர் பூனை போல் போய், இன்ஜினைக் கிளப்பி, பொத்தானை அமுக்கி, வண்டி தாழ்ந்ததும் அணைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவராகப் படியில் வந்து நின்றுகொள்கிறார். ஜன்னலோரம் நிற்கிற மாமனார் அதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒன்றும் கேட்காதவராக வெளியே வருகிறார்.

"பரவால்லையே மாப்பிள்ளை, இன்னிக்கும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருக்கே!"

"வயசாயிடுச்சு மாமா," என்கிறார் மெத்தைக்கடைக்காரர். பிறகு அவசர அவசரமாக, "வண்டிக்கு."